சர்க்கரை கொடுக்கவிடாமல் என் கையை முறித்தது குறித்து

அனுப்புநர்
ம. வெரோனிகா (வயது 47),
க/பெ. பிலவேந்திரன்,
பேருந்து நிலையத்தின் பின்புறத் தெரு,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
செஞ்சி.

பொருள்: சர்க்கரை நோயாளியான என் கணவரை அடித்து, அவர் உயிரைக் காக்கப் போன என் கையை முறித்து, இப்போது அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு ரத்தம் பார்க்கும் மெஷினைத் தர மறுக்கும் என் கொழுந்தனார் ஜேம்ஸ் மீது நடவடிக்கை கோருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் வலது கையில் மாவுக்கட்டு இருப்பதால், நான் சொல்லச் சொல்ல என் மகள் விமலா இதை எழுதுகிறாள். சில இடங்களில் "இப்படியெல்லாம் எழுதலாமாம்மா" என்று கேட்டாள். எழுது என்றேன். குற்றமிருந்தால் என்னுடையது.

1. என் கணவர் கொத்தனார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலில் கம்பி குத்திய புண் ஆறாமல், சுண்டுவிரலை எடுத்தார்கள். அன்று அவர் ரத்தத்தில் சர்க்கரை 412. இப்படியே விட்டால் அடுத்து பாதம் போகும், அதற்கடுத்து முழங்கால் போகும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டேன். கீரையும் சுண்டலும் முட்டையுமாகத் தட்டை நிரப்பினேன். விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வாங்கி, வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, நோட்டில் எழுதி வந்தேன். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஏப்ரல் மாதக் கடைசியில் வெறும் வயிற்றில் 118. அந்த எண்ணைச் சொல்வதில் எனக்குக் கர்வம் உண்டு, ஐயா.

2. இதனால் உறவினர் யாருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. கல்யாண வீட்டில் அவர் இலையிலிருந்து ஜாங்கிரியைப் பிடுங்கியிருக்கிறேன். துக்க வீட்டில் அவர் கையிலிருந்த டீயை வாங்கித் தரையில் ஊற்றியிருக்கிறேன். ஜேம்ஸ் வீட்டிலேயே நின்று, "இவருக்கு இனிப்பு விஷம். எவனாவது குடுத்தீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்று சத்தம் போட்டிருக்கிறேன். கொடுக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதி அவர்கள் அடுப்பங்கரைச் சுவரில் நானே ஒட்டினேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு "சுகர் போலீஸ்" என்று பெயர்.

3. கடந்த 04.05.2025 ஞாயிறன்று, அனந்தபுரம் அருகே ஜேம்ஸ் குடியிருக்கும் ஊரில், அவர் மகளுக்குப் புதுநன்மை. குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். என் கணவர்தான் அவளுக்கு ஞானத்தகப்பன். பிரியாணி வேலைக்கு உதவ நான் விடியற்காலையிலேயே போய்விட்டேன். இரண்டு இட்லியும் முட்டையும் டப்பாவில் வைத்து, ஊசி போட்டதும் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் ஏழு மணிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டார். டப்பாவைத் திறக்கவில்லை. நன்மை வாங்கும் நாளில் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் பழக்கம். ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று சாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். யார் கேட்கிறார்கள்? எட்டு மணிப் பூசை, போட்டோக்காரருக்காகக் காத்திருந்து, பத்தே முக்காலுக்குத்தான் முடிந்தது.

4. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும். ஆளே மாறி, கண்டபடி திட்டுவார், கை நீட்டுவார். அந்த நேரத்தில் உடனே இனிப்புக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். கொடுக்காமல் விட்டால் மூளை கெடும், உயிரும் போகும். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

5. பதினொன்றரை மணிக்கு என் கணவர் பந்தலுக்குள் தள்ளாடி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கேக் வைத்திருந்த மேசையைத் தள்ளிவிட்டார். தடுக்க வந்த ஜேம்ஸைக் கன்னத்தில் அறைந்தார். இருபத்தைந்து வருடத்தில் சாராயத்தைத் தொடாத மனிதரை, "இன்னா அண்ணே, குடிச்சிட்டு வந்து என் பொண்ணு விசேஷத்துல அசிங்கம் பண்றியா" என்று கேட்டு ஜேம்ஸ் மார்பில் உதைத்தார். விழுந்தவரை, ஜேம்ஸின் மைத்துனர்கள் இருவர் சேர்ந்து மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு உடைந்தது. வாயிலிருந்து ரத்தம் வந்தது. புதுநன்மைக் கவுன் போட்ட குழந்தை நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டு அலறியது.

6. நான் ஓடி வந்து கூட்டத்துக்குள் புகுந்து, மிதிபட்டுக்கொண்டே, எப்போதும் கையோடு வைத்திருக்கும் மெஷினை எடுத்து என் கணவர் விரலில் குத்திப் பார்த்தேன். 38. பக்கத்து மேசையிலிருந்த ஆரஞ்சு கலர் சோடா பாட்டிலை எடுத்து அவர் வாயில் ஊற்றினேன். ஒரு மடக்கு உள்ளே போனது. அதற்குள் என் மாமியார் பாக்கியம், "ஐயோ, சுகருக்காரனுக்குக் கலர் ஊத்துறா, எம் புள்ளையக் கொல்லப் பாக்குறா" என்று கத்தினார். ஜேம்ஸ் பாட்டிலைத் தட்டிவிட்டார். நான் கீழே சிந்திக் கிடந்த கேக்கை அள்ளினேன். ஜேம்ஸ் இரும்பு நாற்காலியை மடக்கி என் வலது மணிக்கட்டில் இரண்டு முறை அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் அவர் முழங்கையைக் கடித்தேன், ஐயா. மறைக்கவில்லை. இன்னும் ஆழமாகக் கடித்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. பிறகு அவர் மைத்துனர்கள் என் முடியைப் பிடித்து இழுத்துக் கோழிக் கூண்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் பத்தடி தூரத்தில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தார். 108 வரும்வரை நாற்பது நிமிடம், ஒரு சிட்டிகைச் சர்க்கரை அவர் நாக்கில் படாமல் காவல் காத்தார்கள்.

7. உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை. வலது பக்கம் அசையவில்லை. என் கையில் தகடு வைத்துக் கட்டிய அன்று, அதாவது 10.05.2025 அன்று, ஜேம்ஸ் ஆஸ்பத்திரியில் தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பந்தலில் விழுந்த மெஷினும் ஜேம்ஸிடம்தான் இருக்கிறது. அன்றைய 38 அதற்குள் நேரத்தோடு பதிவாகியிருக்கும். 12ஆம் தேதி நானும் விமலாவும் போனபோது, "குத்திக் குத்தி ரத்தத்த எடுத்தே ஆள முடிச்சவ, வாசப்படி மிதிச்சா வெட்டுவேன்" என்று கத்தியைக் காட்டினார். ஜன்னல் வழியாக என் கணவரைப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

8. ஜேம்ஸ் அண்ணன்மேல் பாசம் இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணனின் மலம் ஜலம் அள்ளுகிறார் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். எனக்குப் பயமே அதுதான். பாசத்தோடு இரண்டு வேளையும் பழைய அளவிலேயே ஊசி போடுகிறார். அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும் பாகற்காய்ச் சாறும் மட்டும் கொடுக்கிறார். மெஷின் வைத்துப் பார்ப்பதில்லை. நான் ஒட்டிய பட்டியல்படி, அந்த வீட்டில் வெல்லம், சர்க்கரை, வாழைப்பழம் ஒன்றும் கிடையாது. என் கணவர் மறுபடியும் வியர்த்து நடுங்கினால் அது இன்னதென்று அங்கே யாருக்கும் தெரியாது. அவரால் வாய் திறந்து கேட்கவும் முடியாது.

9. இதில் என் குற்றத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று ஊர் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னேன். இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னார், நான் என்னோடு வைத்துக்கொண்டேன். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆகவே ஐயா, என் கைக்கும் அவர் விலா எலும்புக்கும் உரிய வழக்கைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் பொறுத்திருப்பேன். ஆனால் இன்று மாலை ஆறு மணிக்கு அவருக்கு ஊசி போடுவார்கள். அதற்கு முன் தங்கள் காவலர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், மெஷினை எடுத்து அவர் விரலில் ஒரு முறை குத்திப் பார்க்கச் செய்ய வேண்டும். எண் எழுபதுக்குக் கீழே இருந்தால் ஊசி போடக் கூடாது, நாக்கில் சர்க்கரை வைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும். போகிறவர் கால் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போகட்டும். நான் கொண்டுபோனால் விஷம் என்று சாக்கடையில் கொட்டுவார்கள். போலீஸ் கொடுத்தால் வாங்கி வைப்பார்கள்.

இன்றே செய்வீர்கள் என்று நம்பி, தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கிறேன்.

இடம்: செஞ்சி
நாள்: 15.05.2025, காலை 10 மணி

இப்படிக்கு,
ம. வெரோனிகா
(இடது கையால் இட்ட கையொப்பம்)

இணைப்பு: மணிக்கட்டு எக்ஸ்ரே நகல், சர்க்கரை அளவு எழுதிய நோட்டின் கடைசி நான்கு பக்கங்கள்.