மகரத்தின் வயிற்றில் கிடந்த மணி

என் பிரியமுள்ள மாடசாமி அண்ணனுக்கு,

முக்கூடலுக்குக் கீழே, உன்னை இழுத்துக்கொண்ட அதே ஆழமான ஆற்றுக் கசத்தில், நேற்று ஒரு முதலையைச் சுட்டுக் கரையில் போட்டார்கள். சுட்டவர் வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை. முதலை நம் பார வண்டியைவிட நீளம்.

ஆற்றங்கரை மண்டபத்துத் தூணில் இருக்கும் மகரத்தைப் பார்த்து நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் வால். இப்படியொரு பிராணி இருந்ததே இல்லை, எல்லாம் புளுகு என்று மிஷன் பள்ளிப் படிப்பின் திமிரில் நான் சொன்னேன். நீ விடவில்லை. "செதுக்குனவன் எதையோ பாத்திருக்காம்லே. துதிக்கை பொய்யா இருக்கட்டும். அந்தப் பல்லு பொய்யில்ல."

தண்ணீர் வற்றிய கோடையில், நம் ஆட்கள் கால் வைக்கக் கூடாத மேல்துறையில் ஒரே ஒரு தடவை இறங்கிக் குளித்தாய். அதே வாரம், நம் தெரு தண்ணீர் எடுக்கும் கசத்தில் போனாய். துறையைத் தீட்டாக்கியவனை மகரம் தண்டித்துவிட்டது என்றார் பண்ணையார். நம் தெருவே நம்பியது. அன்று முதல் மதினியைக் கண்டால் நம் ஆட்களே ஒதுங்குகிறார்கள். கசத்துக்குக் குடம் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போகிறாள். நீ செத்தது போதாதா? குற்றவாளியாகவும் சாக வேண்டுமா?

முதலையின் வயிற்றைக் கிழித்தபோது உன் செப்புக் காப்பு வந்தது. மதினி அதை முந்தானையில் துடைத்தாள். அழவில்லை. பண்ணையார் அப்போதும் அசையவில்லை.

"இது வெறும் முதலை வே. மகரம் அடியில கெடக்கு."

கூட்டம் தலையாட்டியது.

அப்போதுதான் கூழாங்கற்களோடு ஒரு வெண்கல மணி உருண்டு விழுந்தது. கோயில் காளையின் கழுத்து மணி. போன ஆடியில் காணாமல் போன காளையை ஈசனே அழைத்துக்கொண்டார் என்று பூசை நடத்தினார்களே, அந்தக் காளை. மதினி மணியைக் கையில் எடுத்து, பைய கேட்டாள்:

"அப்ப காளை எந்தத் துறையத் தீட்டாக்கிச்சு, அய்யா?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

நீ சொன்னதுதான் சரி, அண்ணே. அந்த மிருகம் இருந்தது. பல்லும் பசியும் நிஜம். துதிக்கையைச் சிற்பி ஒட்டினான். சாதியை ஒட்டியது யார்?

நாளைக் காலையில் மதினி மேல்துறையில் குடம் முக்கப் போகிறாள். பண்ணையார் ஆட்கள் கம்போடு நிற்பார்களாம். நம் தெருவில் எத்தனை பேர் கூட வருவார்கள் என்று தெரியவில்லை. நான் அவள் பக்கத்தில் இறங்குவேன். எங்கள் மேல் அடி விழுந்தால் அடித்தவன் பெயரை ஊரறியச் சொல்வேன். இந்த முறை பழி மகரத்தின் மேல் போகாது.

மதினி தந்த உன் காப்பைக் கையில் போட்டிருக்கும்
உன் சித்தப்பா மகன்,
சாமுவேல்