வராதவன் வந்த வீடு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. ஊர்வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போக உனக்கு எப்படியடா மனசு வந்தது? பஸ் நிறுத்தத்துச் சலூன்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "உன் தம்பிக்கு இப்பதாம்மா ஷேவ் பண்ணிவிட்டேன். ஆளு அப்படியே இருக்கான், ஒரு நரை இல்ல" என்றார். தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பெஞ்சு காலியாகக் கிடந்தது.

தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் அப்பா படுத்த படுக்கைதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறார். யாரைத் தேடுகிறார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

உன் அக்கா

ஜூன் 14

அன்பு அக்கா,

நான் வரவே இல்லை. சலூன்காரருக்குக் கண் மங்கிவிட்டது போல. எனக்குப் பாதித் தலை நரைத்தாயிற்று. இங்கே மீன் கிடங்கில் ஐஸ் அறைக்குள்ளேயே பொழுது போகிறது. லீவு என்று வாயைத் திறந்தால் மேனேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

சலூன்காரர் மட்டும் இல்லை. பால்காரரின் வண்டி சேற்றில் மாட்டியபோது பின்னால் நின்று தள்ளியது நீயாம். பள்ளிக்கூட ஆயாவின் கூரையில் ஏறி ஓடு மாற்றியதும் நீயாம். நம் ஊரில் இருப்பதே ஒரு தெரு. அதில் நான் ஒருத்தி தவிர எல்லாரும் உன்னைப் பார்த்தாயிற்று. "குடுத்துவெச்சவ நீ" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது என் தம்பி இல்லை என்று ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப வேற யாருங்கிறே?" என்றாள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. "எப்பப்பா கிளம்பறே?" என்று யாராவது கேட்டால் அவன் சும்மா சிரிக்கிறானாம். கேள்வியே புரியாதவன் மாதிரி.

உன் அக்கா

ஜூலை 9

அக்கா,

எவனோ ஏமாற்றுக்காரன். ஊரே சேர்ந்து ஏமாந்துகொண்டிருக்கிறது. கதவைத் தாழ் போட்டுக்கொள். அவனை உள்ளே விடாதே, ஒரு வாய்ச் சோறு போடாதே. மாதக் கடைசியில் நான் வந்து நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி

ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே, பட்டப்பகலில், அவன் வந்தான். நான் தாழ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். குரலே எழும்பாத அப்பா, "யாரு, என் பிள்ளையா? உள்ள வாடா" என்றார். என் கை தானாகத் தாழை எடுத்துவிட்டது.

நீதான். ஊரை விட்டுக் கிளம்பிய வயதில் நீ. காதுக்குப் பின்னால் அதே மச்சம். அப்பாவைக் குளிப்பாட்டி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் வாசல் வெயிலில் உட்காரவைத்தான். தெருவைப் பார்த்ததும் அப்பா அழுதுவிட்டார். நான் உன் கடிதத்தை நீட்டினேன். "இத எழுதினவன்தான் என் தம்பி" என்றேன். பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"பாவம்க்கா. நல்லாருக்கானா அவன்?" என்று கேட்டான்.

கடிதத்தை மடித்துத் தையல் மெஷின் டிராயருக்குள் ஒளித்துவைத்தேன். ஆனால் அதற்கப்புறம் சாய்ந்த இடத்திலேயே அசந்து தூங்கியிருக்கிறேன். எத்தனை காலமாயிற்று அப்படித் தூங்கி! அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உடனே வா தம்பி. எனக்குப் பழகிப்போவதற்குள் வா.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்பு அக்கா,

டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். திடீரென்று சரக்கு வந்து இறங்கி எல்லாருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி

செப்டம்பர் 18

அக்கா,

நீ பதிலே போடாததால் கிளம்பி வந்தேன். வந்ததை நீயும் பார்த்தாய்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சலூன்காரர், "யாரைத் தேடறீங்க சார்?" என்றார். சொன்னேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வெளையாடாதீங்க. அவன் இப்பதானே இந்தப் பக்கம் போனான்!"

நம் வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பால்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. நீ வெளியே வந்தாய். என்னை ஏறிட்டுப் பார்த்தாய். "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாய். உள்ளேயிருந்து என் குரல் கேட்டது, அக்கா. என் குரலேதான். "யாருக்கா அது?" என்றது. "யாரோ வழி தெரியாம வந்திருக்காங்க" என்று நீ சொன்னாய்.

உன் கண்ணில் ஏதோ ஓடியது. நான் பார்த்தேன். என்னைத் தெரிந்துகொண்டுதானே அப்படிச் சொன்னாய்? தெரிந்தது என்று ஒரு வரி எழுது, போதும். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

உன் தம்பி, உன் சொந்தத் தம்பி

செப்டம்பர் 30

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. அன்று தாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனதில் எங்கள் அப்பாவுக்கு வருத்தம். "யாரு பெத்த பிள்ளையோ, மொகமெல்லாம் வாடியிருந்துச்சு" என்று மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தம்பி இங்கேதான் இருக்கிறான். வாசலில் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறான். இதை அவனிடம்தான் தபாலில் சேர்க்கக் கொடுக்கப்போகிறேன்.

தங்களுக்கும் எங்கேயோ ஓர் அக்கா இருக்கக்கூடும். இருந்தால், தயவுசெய்து சீக்கிரம் அவளிடம் போய்விடுங்கள். தனியாக எவ்வளவு காலம்தான் ஒருத்தி கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருக்க முடியும்?

இப்படிக்கு,
தையல்காரி