பெயிண்டர் கலக்கிய பால்

ஜூன் 4, புதன்

மழை. வெளிச்சுவர் வேலைக்கு மேஸ்திரி லீவு விட்டார். அந்தச் சாக்கில் என் வீட்டுக்காரி இவளும் நானும் எங்கள் பெண் சுண்டுவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்தார், காது பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். நான் மூச்சு விடுவதற்குள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒரு வயசு தாண்டியாச்சு. இனிமே பவுடர் பால் வேண்டாம், மெல்ல மெல்லப் பசும்பாலுக்கு மாத்திடுங்க. சாப்பாடுதான் முக்கியம், பால் துணைக்குத்தான்."

இவள் "சரிங்க டாக்டர்" என்றாள்.

சுண்டு குறைமாதத்தில் பிறந்தவள். அப்போது தூக்கினால் என் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிடுவாள். பிரசவத்தோடு இவளுக்கும் உடம்பு மோசமாகி, ஒரு வார்டில் இவள், இன்னொரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டு. தாய்ப்பாலுக்கு வழியே இல்லை. யாரோ ஒரு நர்ஸ் என்னை உட்காரவைத்துப் பவுடர் கலக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று பிடித்த பாட்டில். இவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அந்த இலாகா என்னிடமே இருக்கிறது. மதியம் சோறு ஊட்டுவது இவள். காலை, மாலைப் பால் நான்.

அந்த டப்பாவைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. அதைப் போய் நிறுத்து என்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

டாக்டரம்மா "மெல்ல மெல்ல" என்றார். எனக்கு அது "நாளைக் காலையிலேயே" என்று கேட்டிருக்கிறது. பயந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் இழுத்தாள். நிறுத்தினாள். மாற்றுச் சரக்கைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரனைப் பார்ப்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவ்வளவையும் என் சட்டையில் துப்பினாள்.

அதே சட்டையோடு வேலைக்குப் போனேன். என்னோடு பெயிண்ட் அடிக்கிறவனை 'ஏணி' என்போம், உயரம் அப்படி. பக்கத்தில் வந்து மோந்து பார்த்தான். "என்னடா மச்சான், நீ இன்னும் பால்குடி மறக்கலையா?" சாரத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 7, சனி

மூன்றாம் நாளும் துப்பல். கன்னம் வற்றிப்போன மாதிரி இருக்கிறது. இவளிடம் சொன்னேன். "உங்க கண்ணுக்கு அவ என்னைக்குமே வத்தித்தான் இருப்பா. மதியம் உருளைக்கிழங்கும் சோறும் மொக்குமொக்குனு தின்னா" என்று தையல் மெஷினை மிதித்தபடியே சொல்லிவிட்டாள்.

இவளுக்கு எப்படித் தெரியும்? அந்த நாட்களில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவன் நான்.

ஜூன் 8, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

கரண்டியில் பாலை மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிற்காமல் ஓடுகிறது. பெயிண்டில் தண்ணீர் கூடிவிட்டால் இப்படித்தான் ஓடும், சுவரை மூடாது, இரண்டாவது கோட் கேட்கும். பிள்ளைக்கும் இதில் ஒன்றும் ஒட்டவில்லை, அதனால்தான் பிடிக்கவில்லை என்று தோன்றியது. டப்பாவில் பவுடரைத் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறான். தண்ணீருக்குப் பதில் பசும்பாலிலேயே கலந்தால்? பழைய ருசி இருக்கும், புதுப் பாலும் உள்ளே போகும், கெட்டியாகவும் இருக்கும். ஒரே கோட்டில் வேலை முடிந்தது.

மாலையில் அப்படியே கலந்து கொடுத்தேன். பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டாள். இவள் வாயைப் பிளந்து, "எப்படிங்க?" என்றாள்.

"கைராசி" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

இரண்டு வேளையும் பாட்டில் காலி. என்னை மட்டும் ஒழுங்காகப் படிக்க வைத்திருந்தால்!

ஜூன் 11, புதன்

நேற்றிலிருந்து சுண்டு வெளிக்குப் போகவில்லை. முகம் சிவக்க முக்குகிறாள், பிறகு அழுகிறாள். உதடு காய்ந்திருக்கிறது. டயப்பர் பாதி நாள் காய்ந்தே கிடந்ததாம். வயிறு கல்லு மாதிரி. தொட்டால் கத்துகிறாள்.

மாலையில் பாட்டிலை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். பால் பிடிக்காத திருப்பல் இல்லை இது. ஓய்ந்துபோன திருப்பல். அந்தப் பெட்டிக்குள் இப்படித்தான்—

என்னத்த செஞ்சேன் நான்?

ஜூன் 12, வியாழன்

கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். ஊசி போடும் நர்சம்மாதான் முதலில் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"என்ன குடுத்தீங்க?"

"பசும்பால்" என்றாள் இவள்.

"தண்ணி கலந்தா, கலக்காமலா?"

இவள் என்னைப் பார்த்தாள். சொன்னேன். பாலில் பவுடர். எப்போதும் போடும் அளவை விடக் கொஞ்சம் கூடவே. கரண்டியில் ஓடியதையும் சொன்னேன், மூடவில்லை என்று நினைத்ததையும் சொன்னேன். ஏன் அதையெல்லாம் சொன்னேனோ.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பெயிண்டரு."

"அப்பா," என்றார் நர்சம்மா. அந்தக் கிளினிக்கில் எல்லா அப்பாவுக்கும் அதுதான் பெயர். "இது சுவர் இல்ல, குழந்தை. ரெண்டு பாலையும் ஒண்ணா ஏத்தினா அந்தச் சின்ன வயிறு எப்படிங்க தாங்கும்? உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் இழுத்துக்கும். நல்ல வேளை, தாமதிக்காம வந்தீங்க."

டாக்டரம்மா வந்து பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அங்கேயே உட்காரவைத்தார். மதியம் டயப்பர் நனைந்தது. அப்போதுதான் 'பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்' என்றார். அங்கே தரை முழுக்கத் தேய்ந்த பச்சை டைல்ஸ். அதைத் தவிர எதையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு இவள் பேசினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அவ பால் விஷயத்துல உங்கள நான் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்ல. நான் படுத்துக் கெடந்தப்ப நீங்கதானே காப்பாத்துனீங்கனு, ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்பப் பயமா இருக்குங்க."

அப்புறம், "எனக்கும் அவ அம்மானு ஒரு இடம் குடுங்க" என்றாள்.

பாட்டிலை எடுத்து இவள் கையில் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

விடிகாலையில் சுண்டு வெளிக்குப் போய்விட்டாள்! ஒரு டயப்பரைப் பார்த்து நானும் இவளும் ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். யாரிடமாவது சொன்னால் சிரித்துச் சிரித்துச் சாவார்கள். சொன்னேன், ஏணியிடம். அவன் சிரிக்கவில்லை. "பொழைச்சிக்கிட்டா போ" என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 16, திங்கள்

நர்சம்மா சொன்ன வழி. பவுடரை எப்போதும்போலத் தண்ணீரில், டப்பாவில் சொன்ன அளவில், தனியாகக் கலக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு, காய்ச்சி ஆறவைத்த பசும்பால் கால் பங்கு. சில நாள் பொறுத்து அரைக்கு அரை. அப்புறம் முழுசு.

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுபோகும் வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறேன். எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள். இவளிடம் சொன்னேன். "சுவருன்னா தோணியிருக்கும்" என்றாள். பழைய குரல் திரும்பிவிட்டது. அப்பாடா.

இன்று பவுடர் கலந்தது நான், பசும்பாலை அளந்து ஊற்றியது இவள். சுண்டு சந்தேகப்பட்டாள். ஆனால் குடித்தாள்.

ஜூன் 23, திங்கள்

அரைக்கு அரையில் வண்டி நின்றுவிட்டது. பாதி குடிக்கிறாள், பாட்டிலை வீசுகிறாள். எனக்குக் கை பரபரக்கிறது, கொஞ்சம் பவுடரைக் கூட்டலாமா என்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை இதுதான். நாலு மாடிச் சாரம் ஒன்றுமே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் வேலை விட்டு வந்தபோது இவள் தரையில் உட்கார்ந்து டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கென்று ஆற்றிய வெறும் பால். சுண்டு மடியில் ஏறி டம்ளரைப் பிடித்து இழுத்தாள்.

"இது அம்மாது. உனக்கு வேணாம் போ" என்றாள் இவள்.

வேண்டாம் என்றால் விடுவாளா? என் பெண் ஆயிற்றே. வாயை வைத்தாள். பாதி கழுத்தில், பாதி உள்ளே. கலப்பே இல்லாத பசும்பால். மறுபடி வாயைத் திறந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள் இவள். அந்த முகத்தை இத்தனை மாதத்தில் நான் பார்த்ததில்லை. பெண்ணுக்குத் தன் கையால் பால் கொடுக்கும் முகம்.

கொஞ்சம் பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பொறாமையை விடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஜூலை 5, சனி

பாட்டில் வேண்டாம் என்கிறாள். டம்ளர்தான். தரை துடைப்பது என் புது இலாகா.

ஜூலை 9, புதன்

கிளினிக். எடை ஏறியிருக்கிறது. டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். நர்சம்மா என்னைப் பார்த்ததும், "என்ன அப்பா, எத்தனை கோட் அடிச்சீங்க?" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் எனக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்த, முகம்கூட மறந்துபோன அந்த நர்சும் எங்கேயோ நன்றாக இருக்கட்டும். இவளும். இவள்தான் முதலில்.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்காலம் சுண்டு தன் டம்ளரில் பாதி குடித்துவிட்டு, மீதியோடு என்னிடம் தத்தித் தத்தி வந்தாள். நான் தரையில் சாய்ந்திருந்தேன். டம்ளரை என் வாயில் வைத்து அழுத்தினாள். மூக்கில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம், வாயிலும் கொஞ்சம் போனது. விடாமல் பிடித்துக்கொண்டு, நான் விழுங்குகிறேனா என்று கண்ணையே பார்த்தாள்.

முடிந்ததும் டம்ளரைக் கீழே போட்டாள். என் முதுகுப் பக்கம் சுற்றிப் போய், தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கையால் தட்ட ஆரம்பித்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

இவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஏப்பம் விடுங்க. இல்லேனா விடமாட்டா."

விட்டேன்.