காத்திருப்புக் காலத்தின் வானம்

12 ஜனவரி 2009
பரஸ்பர சம்மத விவாகரத்து மனு இன்று தாக்கலாயிற்று. மனுதாரர்கள் நானும் என் மனைவி கலாமணியும். நானே வழக்கறிஞர் என்பதால் வரைவு என்னுடையது, பிழையில்லை. ஆறு மாதம் கழித்து இருவரும் நேரில் மீண்டும் சம்மதம் சொல்ல வேண்டும். அதுவரை இருவரில் எவரும் மனுவிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

விவாகரத்தைக் கேட்டவள் அவள். "எதக் கேட்டாலும் பதில் மனு மாதிரியே பேசறீங்க. இந்த ஊட்டுல மனுசப் பேச்சே இல்லீங்க."

மறுக்க ஆதாரம் தேடினேன். இல்லை. அவள் மனுவிலிருந்து விலகிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை – இதற்கு மேல் எழுத வரவில்லை.

29 ஜனவரி
மாலை மின்வெட்டு. கீழ்த்தளத்தில் கலாமணியின் தையல் மிஷின்கள் நின்றன. ஓராண்டாக அவள் கீழே, நான் மேலே, மொட்டைமாடி பொது. ஊரே இருண்டதால் விண்மீன்கள் தெளிவாக இருந்தன. நூலகப் புத்தகத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்தேன்: வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம்.

காற்றுக்காக மேலே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். "வேட்டைக்காரனுங்களா? எனக்கு பனியனாட்டத் தெரியுது. மேல ரெண்டு தோளு, கீழ ஓரம் ரெண்டு, நடுவுல ஒரு தையலு. கை வெக்காம உட்டுட்டாங்க. ரிஜெக்ட் பீசுங்க."

நான் சிரித்ததாகப் பதிவு செய்ய இயலாது.

17 பிப்ரவரி
மின்வெட்டு இல்லை. எதையும் பார்க்கவில்லை.

26 மார்ச்
பனியன் மேற்கே சாய்ந்துவிட்டது. கிழக்கே சிம்மம் உயர்ந்திருந்தது. அதன் தலை துணி மாட்டும் கொக்கியைப் போல இருப்பதாகக் கலாமணி சொன்னாள். ஒப்புக்கொண்டேன். அவளுடைய தையல்காரி முத்துப்பேச்சி, தென்காசிப் பக்கத்துப் பெண், படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "யக்கா, கரண்டு போனாத்தான் சாருக்கு வாயே தொறக்கு!"

கலாமணி வாய்விட்டுச் சிரித்தாள். இன்னும் விலகிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அவளுக்கும். எனக்கும்.

19 மே
சக வழக்கறிஞர் ராபின் காலையில் கேட்டார்: "ரெண்டு பேரும் மாடில ஒண்ணா உக்காந்திருந்தா, பிரிஞ்சு வாழ்றோம்னு கோர்ட்ல எப்படி சார் சொல்லுவீங்க?" கேள்வி நியாயமானது.

மாலை மின்வெட்டில் கலாமணி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏனுங்க, வெரசா வாங்க! தெக்கால சிலுவையாட்ட நாலு மீனு. புஸ்தகம் இல்லாம நானே கண்டுபுடிச்சனுங்க!"

போனேன். சொன்னேன்: "பிரிந்து வாழ்வதாக மனுவில் உறுதி கூறியிருக்கிறோம். இது அதற்கு முரணாகக் கருதப்படலாம். ஜூலை வரை தவிர்ப்பது நல்லது."

"சரிங்க" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

சட்டப்படி நான் சொன்னது சரி. – என்னத்தச் சரி? கூப்புட்டாளே. அவளே கூப்புட்டா. அதுக்கு இதா பதிலு?

20 மே
மின்வெட்டு. அவள் மேலே வரவில்லை.

13 ஜூலை
நீதிபதி கேட்டார். "சம்மதமுங்க" என்றாள் கலாமணி. அடுத்து என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். ஏன் என்று எழுதுவது ஊகமாகும். சம்மதம் என்றேன். மனு அனுமதிக்கப்பட்டது.

21 ஜூலை
மிஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேவூருக்கு, தன் அண்ணன் வீட்டிற்கே போய்விட்டாள். கீழ்த்தளத்தைக் கூட்டச் சொன்னேன். நூல் பிசிறு இரண்டு மூட்டை.

18 ஆகஸ்ட்
மாலை மின்வெட்டு. மாடியில் நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. கலாமணி.

"இங்கயும் கரண்டு இல்லீங்க. இந்த மாசம் என்னதுங்க தெரியும்?"

விருச்சிகம் என்றேன். தெற்கே, சற்று மேற்காக. நடுவில் செம்மையாக ஒரு மீன். வால் கீழே வளைந்து மேலேறும்.



"தெரியுதுங்க" என்றாள். "தேளேதானுங்க. வாலத் தூக்கிட்டு நிக்குது. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

திருப்பூர் வானம் முழுவதும் மேகம். ஒரு மீன்கூட இல்லை. சேவூர் அதிகத் தொலைவுமில்லை. அங்கே மேகம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

"தெரியுது கலா" என்றேன். "நல்லாத் தெரியுது."