நிறுத்தக் கூடாத மாத்திரை

நேற்று மெடிக்கலுக்குப் போயிருந்தேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் வாங்கி வருகிறேன் என்று மகள் சொன்னாள்; கேட்பேனா? தொண்ணூறை எட்டிப் பிடித்த பிறகும் தென்காசிக் கடைத்தெருவில் என் காலால் நடந்து போய் வாங்கினால்தான் மருந்து எனக்குக் கேட்கும். மருந்துக்கடை வாடை உனக்குப் பிடிக்கும். மற்றப் பெண்கள் மல்லிகைக்கு மயங்குவார்கள், நீ டிங்சருக்கு மயங்குகிறாயே என்று கேலி பண்ணுவேன். நேற்று அந்த வாடை அடித்ததுமே நீ வந்துவிட்டாய்.

எனக்கு முன்னால் ஒரு பெண், மாசமாக இருந்தாள். அவள் நீட்டிய சீட்டைப் படித்துவிட்டு, கடையில் நிற்கும் பார்மசிஸ்ட் பிள்ளை அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். "அக்கா, இது வலிப்புக்கு உள்ளதுல்லா? நீங்க மாசமா இருக்கது டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாதாம், பழைய சீட்டாம். உடனே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீங்களா நிறுத்திராதிய அக்கா. பிள்ளைக்குத் தோதா வேற மாத்திரை இருக்கு, டாக்டர் பாத்து மாத்தித் தருவாவ. இப்பம் இதுக்குன்னே ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காவ" என்றாள். ஓரமாகப் பேசினாலும் என் காதில் விழுந்துவிட்டது. இந்தக் காது வேண்டாததற்கு மட்டும்தான் செவிடு.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைக் கேட்க நம் காலத்தில் ஒரு ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் வீட்டில் மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஐம்பதுகளின் கடைசி. ஆலங்குளத்துப் பெண், வீட்டு வேலை வயல் வேலை எல்லாம் தெரியும் என்று அடுக்கிய தரகர் வலிப்பை மட்டும் விட்டுவிட்டார். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே நீ என் முன்னால் உட்கார்ந்து ஒரு வெள்ளை மாத்திரையை விழுங்கினாய். ஒளிந்து விழுங்கியிருக்கலாம். நான் பார்க்க வேண்டும் என்றே விழுங்கினாய்.

"இது வலிப்புக்கு. எங்க வீட்ல சொல்லியிருக்க மாட்டாவ, நான் சொல்லுதேன். கொண்டு விடணும்னா இப்பமே கொண்டு விட்டுருங்க. வச்சிக்கிடணும்னா மாத்திரையோட வச்சிக்கிடுங்க."

நான் செங்கோட்டை ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். மூட்டை உடைந்தால் என்ன செய்வது என்று தெரியும், இதற்கு என்ன செய்வது என்று தெரியாது. "வந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அதுவரை அழாத நீ அதற்குத்தான் அழுதாய். "ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டுப் பக்கத்துல இருங்க. சாவிக்கொத்தத் தேடிட்டு அலையாதிய. இரும்பைக் கையில திணிச்சா நிக்காது" என்றாய், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

என் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு முடிவோடு வந்தாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுத்தால் சித்தம் கலங்கினவனுக்கே தெளிகிறது, இவளுக்குத் தெளியாதா என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு பத்தியமும் உண்டு, இங்கிலீஷ் மருந்து ஆகாது. உன்னைத் துரத்த அல்ல, வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் அம்மா அந்த வழியைத் தேடினாள். அதனால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாவ. நீ என்னட்டி வருசக் கணக்கா திங்க?" என்று கேட்டாள் உன்னிடம்.

நீ முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினாய். "கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியாச்சு, இங்கிலீஷ் மருந்து ஆகாதுன்னு எங்க வீட்லயும் நிறுத்துனாவ அத்தை. மாறி மாறி வந்துச்சு. அடுப்புல போய் விழுந்தேன். விருந்துதான் மூணு நாளைக்கு. சோறு தெனமும் உண்டும்லா? இது எனக்குச் சோறு."

அம்மாவிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசினதில்லை. எழுந்து போய்விட்டாள். ஆனால் அருவிக்குப் புறப்பட்டபோது மாத்திரைச் சீசாவை அவளே துணியில் முடிந்து எடுத்துக்கொண்டாள். பெண்கள் பக்கம் உன்னைக் கூட்டிப் போனவள், தண்ணீருக்குள்ளும் உன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லையாம். மருமகளை என்ன இழுப்பு இழுக்கிறாள் பார் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். அதற்குப் பிறகு தினமும், "மாத்திரை போட்டியாட்டி?" என்று கேட்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து நீ உண்டானாய். ரயிலில் வருகிற பேப்பரை டியூட்டி முடிந்து கொண்டுவந்து உனக்குப் படித்துக் காட்டுவேன் இல்லையா, அப்போது ஒரு நாள் ஒரு செய்தி வந்தது. சீமையில் ஏதோ தூக்க மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் குறைந்து பிள்ளைகள் பிறக்கின்றனவாம். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். புடைப்பதை நிறுத்தவில்லை.

"அது வேற மாத்திரை" என்றேன்.

"ஆமா, வேறதான்" என்றாய்.

உன் மாத்திரைக்கும் தூக்கம் வரும். அதை என்னைவிட நீ நன்றாக அறிவாய். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாய். அம்மா கேட்டால் போட்டாச்சு என்றாய். பிறந்த வீட்டில் சண்டை போட்டு, புகுந்த வீட்டில் வாதாடி நீ காப்பாற்றி வைத்திருந்த மாத்திரை அது.

கிணற்றடியில் விழுந்தாய். நான் செங்கோட்டையில் இருந்தேன். அம்மாதான் ஓடிப் போய் இழுத்து, ஒருக்களித்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். துவைகல்லில் மண்டை படாமல் போனது யார் செய்த புண்ணியமோ. நான் வந்து சேர்ந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மா மாத்திரைச் சீசாவை மடியில் வைத்திருந்தாள். அது நிறைந்தே இருந்தது.

மறுநாள் திருநெல்வேலிக்கு, உன் டாக்டரிடம் போனோம். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க டாக்டர், திங்கேன்" என்றாய். நல்ல மனிதர், வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பவில்லை. "பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்கு உறுதியாத் தெரியாதும்மா. பேப்பர்ல வந்ததுமே மத்த டாக்டர்களைக் கேட்டுப் பாத்தேன், தெரிஞ்சவங்க யாரும் இல்லை. ஆனா நீ நிறுத்தினா உனக்கு என்ன ஆகும்னு தெரியும்" என்றார்.

திரும்பும்போது பஸ் ஆலங்குளத்தில் நின்றது. உன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அங்கன போனா அழுதுருவேன்" என்றாய். தென்காசி வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

வீட்டில் அம்மா நமக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இலை போட்டுப் பரிமாறினாள். உன் இலை ஓரத்தில் மாத்திரையை வைத்தாள். தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

"நீ போட்டாத்தான் நான் திங்கேன்."

"அத்தை, பிள்ளைக்கு ஏதும்..."

"பிள்ளைக்கு வெரலு கொறஞ்சா நான் வளப்பேன். தாய் கொறஞ்சா நான் என்னட்டி செய்வேன்?"

நீ என்னைப் பார்த்தாய். எனக்கு நீதான் வேண்டும் என்று இருந்தது. பிறக்கப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் அதை எப்படிச் சொல்வது? அம்மா சொல்லிவிட்டாள். நீ அழுதுகொண்டே விழுங்கினாய். மறுநாளும் அழுதாய், மறுநாளும் விழுங்கினாய். பிறக்கிறவரைக்கும் அழுகையும் நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்துவிட்டேன், அந்த மாதங்களில் உன்னைப் பார்த்ததுபோல் யாரையும் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில் பிறந்தாள். என்னை உள்ளே விட்டபோது அம்மா துணியை விலக்கிப் பிடித்திருந்தாள். நீ அந்தச் சின்ன முஷ்டியைத் திறந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாய். பிறகு அடுத்த கை, பிறகு கால்கள். எல்லாம் இருந்தன. பார்த்து முடித்த பிறகுதான் பிள்ளையை முத்தமிட்டாய். நமக்கு வாய்த்தது, எல்லாருக்கும் வாய்த்திருக்காது என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய்.

அவளுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. இந்தக் கதை எதையும் அவளிடம் நாம் சொன்னதில்லை. இன்று மத்தியானம் குனிந்து சோறு போட்டாள். வழக்கம்போல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஒரு தடவை எண்ணிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"என்னப்பா அப்படிப் பாக்குதிய? கரண்டி சுத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.