ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீடு

அக்கா,

புது வாக்காளர் பட்டியல் இன்றைக்கு மத்தியானம் அங்கன்வாடிக்கு வந்தது. குழந்தைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டுக் கட்டைப் பிரித்தேன். ஏரிக்கரைத் தெருப் பக்கத்தில் உங்கள் படம். புடவைக்கு மேலே அந்த ஆம்பளைச் சட்டை. படம் எடுத்தவர் கழற்றச் சொன்னதற்கு, இதைப் போட்டுக்கொண்டுதானே இத்தனை வருஷமாக மீன் விற்கிறேன், இது இல்லாவிட்டால் ஊரில் எவனுக்கு என்னை அடையாளம் தெரியும் என்று கேட்டீர்களே, அதே சட்டை. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. பாழாய்ப்போன பட்டியல் இப்போதுதான் வருகிறது.

இந்தப் பட்டியல் வேலையை என் தலையில் கட்டியபோது எனக்கு நம் ஊராட்சியில் பாதித் தெரு தெரியாது. மேடவாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஊர் எங்கே முடிகிறது, அபார்ட்மெண்ட் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத்தான் தெரியும்? நீங்கள்தான் மீன் கூடையோடு கூடவே வந்தீர்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதை அவர்கள் வாங்கும் மீனை வைத்தே சொல்வீர்கள். ஒரு வீட்டம்மா மூன்று பேர் என்று எழுதச் சொன்னாள். தெருமுனைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"மூணு பேரா? ஒன்றரை கிலோ சங்கரா வாங்குற வூடு டீச்சர் அது. மாமியாக்காரி உள்ளதான் கீது. போய்க் கேளு."

போய்க் கேட்டேன். மாமியாரோடு பேச்சு இல்லையாம், அதனால் கணக்கிலும் சேர்க்கவில்லையாம். அன்றைக்குச் சேலையூர் பஸ் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

பூட்டிய வீடென்றால் மூன்று தடவை போய்ப் பார்த்த பிறகுதான் பெயரை எடுக்க வேண்டும். நான் இரண்டாவது தடவையே சலித்துக்கொள்வேன். நீங்கள் விட மாட்டீர்கள். "எடுக்கிறதுக்கு ஒரு கோடு போதும். சேக்கறதுக்கு எத்தினி நாய் பேயாண்ட நிக்கணும்? நட டீச்சர்" என்பீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்காக நான் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

ஏரியை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று உங்கள் தெருவை இடித்த வருஷம் அது. எல்லாரையும் லாரியில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு முட்டிவலி, வெளியே மழை. தெருவே போய்விட்டதே, அங்கே போய் எதைப் பார்ப்பது என்று அங்கன்வாடியில் உட்கார்ந்தபடியே, தெருவின் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை 'குடிபெயர்ந்தோர்' என்று எழுதிவிட்டேன். இடித்தவர்கள் உங்கள் வீட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் அப்போது கோவளத்தில், உடம்புக்கு முடியாத உங்கள் அண்ணனோடு இருந்தீர்கள்.

அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நம் வார்டு பெண்களுக்கு என்றார்கள். நான் நிற்கிறேன் என்று சொன்னீர்கள். தண்ணி லாரி அபார்ட்மெண்ட் வாசலோடு திரும்பிப் போகிறது, ஊர்ப் பக்கம் மிச்சமிருக்கிற வீடுகளுக்கு ஒரு குழாயாவது போட வைக்கிறேன் என்று கூடையை இறக்காமலே வீடு வீடாகச் சொன்னீர்கள். மனு கொடுக்கப் போன இடத்தில், பட்டியலில் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேராக என்னிடம்தான் வந்தீர்கள். நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். கேம்ப் ரோடு முழுக்கக் கேட்கிற குரல் உங்களுக்கு. கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். குழந்தைகளின் பாயில் உட்கார்ந்தீர்கள்.

"வேற எவனாச்சும் எடுத்திருந்தா அவன் வூட்டாண்ட போய்க் கத்தியிருப்பேன். நீ எடுத்துட்டியே டீச்சர். நான் யாராண்ட போய்ச் சொல்லுவேன்?"

அடித்திருக்கலாம் அக்கா நீங்கள். மறுநாள் வழக்கம்போல நெத்திலியை ஆய்ந்து கொண்டுவந்து வைத்தீர்கள். பெயர் சேர்க்கும் படிவத்தை நானே நிரப்பினேன். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டீர்கள். ஐப்பசி மழையில் நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குழாய் இன்னும் வரவில்லை. ஊராட்சியையே மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் நீங்கள் சொன்ன அந்த அடுத்த தேர்தலே இருக்காதோ என்னவோ.

பட்டியல் வேலையில் எனக்கு மேலே இருக்கிற சார் போனில் சொன்னார், இறந்தவர் பெயரை இன்றைக்கே எடுத்துவிடு என்று. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். இறந்தது உனக்கே தெரியுமே, அங்கே போய் என்னம்மா பார்க்கப் போகிறாய் என்றார்.

சாயங்காலம் மெதுவாக நடந்து வந்தேன். உங்கள் மகன் திருமுடிவாக்கத்தில் லேத் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வாசலில் உங்கள் கூடை கவிழ்ந்து கிடந்தது. வழக்கமாகச் செய்வதுபோலக் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வீடு பூட்டியிருந்தது அக்கா.

இன்னும் இரண்டு தடவை வருவேன்.