கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த பாய்க்கு

பாய், எல்லாம் நன்றாக இருக்கிறது! ஸ்கேன் உறையை இப்போதுதான் பிரித்தேன். புதுச்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே ஃபிலிமை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் "போன வருஷ அளவிலயே இருக்குது, அடுத்த வருஷம் வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.

நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, ஒரே வாரத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோமே! எனக்கு முதல் ஆபரேஷன், உங்களுக்கு இரண்டாவது. கிழிந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, நூலில் நெய்த குழாயை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னதும், துணிக்கடைக்காரரான நீங்கள் எழுந்து உட்காரப் பார்த்தீர்கள்.

"என்ன துணிம்மா?"

பாலியஸ்டர் என்றார். தையல் வலியிலும் அப்படிச் சிரித்தீர்கள். "லாரிக்காரரே, இத்தனை வருஷமா நான் வித்த துணி! இது கெடவே கெடாது. பக்கத்துல இருக்கற பழைய துணிதான் விட்டுப்போகும். வருஷா வருஷம் பாத்துக்கணும்." டாக்டர் அரை மணி நேரம் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விளங்கி என்ன செய்ய? ஊருக்கு வந்ததும் வேண்டுதல்படி மேச்சேரிக் கிடா வெட்டி விருந்து வைத்தோம். அதோடு ஸ்கேனையும் நிறுத்திவிட்டேன். "சாமிக்குச் செய்யறதச் செஞ்சாச்சுங்க. இன்னும் ஸ்கேனுக்கு ஓடுனா சாமிய நம்பாத மாதிரி ஆயிருமுங்க" என்றாள் என் மனைவி. ஸ்கேனுக்கு முன்னால் போடும் ஊசிக்கே நடுங்கும் எனக்கும் அது வசதியாகப் போயிற்று. இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்த நீங்கள் அவளிடமே கேட்டீர்கள்: "ஏம்மா, சாமி கும்பிட்டுத்தானே லாரிய எடுக்கறாரு? அதுக்காக பிரேக் பாக்காமயா ஓட்டறாரு?" மறுநாளே அவள் என்னை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தைத்த இடத்தைத் தாண்டி, ரத்தக்குழாய் வளைவில் வீங்கியிருந்தது. மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். "வெடிக்கறதுக்கு முன்னாடி நாமளே நாள் பாத்துச் செஞ்சுட்டா தேறி வர்றது சுலபம்" என்றார் டாக்டர். என் காதில் வெடிக்கும் என்பது மட்டும்தான் விழுந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியிறங்கிவிட்டேன், சத்தியமாக. அப்போதுதான் உங்கள் போன்.

"எங்க இருக்கீங்க, லாரிக்காரரே?"

"படிக்கட்டுலங்க பாய். ஊட்டுக்கே போயிரலாம்னு..."

"ரெண்டு தடவ திறந்த நெஞ்சு என்னோடது. இப்ப கடையில நின்னு துணி கிழிச்சுக்கிட்டிருக்கேன். பேசாம மேல போங்க."

உங்களுக்கு மூச்சு வாங்கியது. கடையில் கூட்டம் என்றீர்கள். நான் மேலே போனேன்.

பிழைத்தேன். ஊருக்கு வந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் நீங்கள் வெளியூர் என்றே பதில் வந்தது. என் பிரஷர் அடங்கிய பிறகு ஒரு நாள் உங்கள் வீட்டம்மா பேசினார். "அண்ணே, அன்னிக்கு அவங்க கடையில இல்ல. அந்தக் குழாய் கீழ்ப்பக்கம் வீங்கி, மூணாவது ஆபரேஷனுக்குப் படுத்திருந்தாங்க. தியேட்டருக்குப் போற நேரத்துலதான் உங்ககிட்ட பேசினாங்க. தெரிஞ்சா ஓடிப்போயிடுவாரு, தேறி வர்ற வரைக்கும் சொல்லாதேன்னாங்க."

அந்த ஆபரேஷனிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அழுதேன், பாய். கோபமும் வந்தது, உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. இன்றைக்கு இந்த நல்ல சேதியை முதலில் உங்களிடம் சொல்லத்தான் மனசு கிடந்து துடிக்கிறது. அன்று படிக்கட்டில் நின்று என் பயத்தையே பேசிக்கொண்டிருந்தேன். "நீங்க எப்படி இருக்கீங்க பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். தப்பான நம்பராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.